ஒட்டுப் போடுகிறவர்களும் மாலை போடுகிறவர்களும்

தமிழில் விமர்சனம் செத்துவிட்டது என்று ஆண்டுக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் அறிவித்துவிடுகிறார். அறிவித்தவரே அடுத்த மாதம் தம் நண்பரின் நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறார். அதில் நாவலின் தலைப்பையும் நண்பரின் பெயரையும் மாற்றிவிட்டால் வேறெந்த நாவலுக்கும் அது பொருந்தும். அல்லது நண்பர் அல்லாதவரின் நாவலை எடுத்து வசைபாடுகிறார். அந்த வசையும் அப்படியே எல்லோருக்கும் பொருந்துகிறது. மாலையோ செருப்போ, இரண்டுக்கும் நூலைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு பிரதியை வரிவரியாகப் படித்து, ஐயம் எழுப்பி, விடை பெற்று, திருத்தச் செய்து, பிறகு தன் பெயரையும் அதன் கீழே எழுதிப் பொறுப்பேற்கும் பழக்கம் இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்று என்னைக் கேட்டால், லினக்ஸ் கெர்னலுக்கு வரும் ஒட்டுகளைச் சரிபார்ப்பவர்களிடம் இருக்கிறது என்பேன். தமிழ் முதுகலை படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். பிரதி எங்கே கவனமாகப் படிக்கப்படுகிறதோ அங்கே தமிழ் படித்தவனுக்கு வேலை உண்டு என்பதுதான் நான் கற்ற பாடம். திண்டிவனத்துக்காரரான என் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரில் கணினிப் பொறியாளராக இருக்கிறார். அவர் பொறுமையாக விளக்கியதில் எனக்குப் புரிந்த மட்டும் இங்கே சொல்கிறேன்.

கெர்னல் என்பது கணினியின் அடியாழத்தில் இருந்து நினைவகத்தையும் வட்டையும் திரையையும் பங்கிட்டுக் கொடுக்கும் மூலநிரல். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசிக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலின்படி உலகின் முதல் 500 மீக்கணினிகளும் அதில்தான் ஓடின. அதில் யாரேனும் ஒரு மாற்றம் செய்ய விரும்பினால், மாற்றிய வரிகளை மட்டும் தனியே எடுத்து, காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அதைப் பேட்ச் என்கிறார்கள். தையற்காரர் கிழிந்த இடத்தில் வைக்கும் ஒட்டுதான் அது. அனுப்பிய ஒட்டு யார் கண்ணிலும் படும்படி பொதுவில் வைக்கப்படுகிறது. பிறகு ஆரம்பிக்கிறது விசாரணை.

ஒட்டுகளில் மிகக் கடினமானவை தொடக்க நிரலைத் தொடுபவை. கணினி கண் விழிக்கும் முதல் நொடியில் கெர்னலுக்கு எதுவும் இல்லை. நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை. திரையில் ஓரெழுத்து எழுதிக் காட்டவும் வழி கிடையாது. பிழை நேர்ந்தால் இருட்டுத்தான் பதில். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழிப்பக்கத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இக்கோயிலை ஆக்கினேன் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தொடக்க நிரல் எழுதுகிறவரின் நிலைமையும் அதுவே. பிறருக்கெல்லாம் கிடைக்கும் கருவிகளில் ஒன்றுகூட இல்லாமல், மற்றவர்கள் வந்து நிற்பதற்கான தரையை அவர் குடைந்தெடுக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை சிக்கல். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு விதமாகக் கண் விழிக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தம் கெர்னலைப் பற்றி முதன்முதலாக அறிவித்தபோது, இது 386 சில்லுக்கென்று எழுதியது, வேறு பொறிக்குக் கொண்டுபோக இயலாதது என்ற பொருளில்தான் எழுதினார். மறுஆண்டு ஜனவரியில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், ஒரே வகைச் சில்லோடு கட்டிப்போட்ட கெர்னல் தவறானது என்று பகிரங்கமாகத் தாக்கினார். இளைஞர் சூடாகவே பதில் சொன்னார். ஆனால் 1995இல் வந்த 1.2ஆம் பதிப்பிலேயே ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய வேற்றுச் சில்லுகளுக்கும் இடம் இருந்தது. பேராசிரியரின் வேறு குற்றச்சாட்டுகளை இளைஞர் கடைசிவரை ஏற்கவில்லை. இந்த ஒன்றுக்கு வேலையிலேயே விடை சொல்லிவிட்டார். நம்மவர்களுக்குள் நடந்த எந்தச் சண்டையாவது இப்படி ஒரு பிரதியைச் செம்மையாக்கியதா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்றைய ஏற்பாடு இப்படி இருக்கிறது. சில்லுக்குச் சில்லு வேறுபடும் தொடக்கப் பகுதி அந்தந்தச் சில்லுக்கான தனி அடைவில் இருக்கும். அது முடிந்ததும் எல்லாச் சில்லுகளும் 'ஸ்டார்ட் கெர்னல்' என்ற ஒரே பொதுச் செயற்கூறுக்கு வந்து சேரும். எது பொது, எது தனி என்பதில்தான் வழக்கு முழுவதும். ஆர்ம் சில்லுகளில் இந்த வழக்கு முற்றிப்போனது. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கச் செயற்கூறு என்று பெருகி, ஏறக்குறைய ஒரே செய்தி எண்ணற்ற கோப்புகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடிந்துகொண்டார். பலகையின் உறுப்புகளை நிரலாக எழுதாமல் ஒரு விவரப் பட்டியலாகத் தனியே தருவது என்று வழி மாறியது. 2012 டிசம்பரில் வந்த 3.7ஆம் பதிப்பில் பல ஆர்ம் பலகைகளுக்கு ஒரே கெர்னல் என்ற நிலை தொடங்கியது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். அக்குற்றத்துக்காக ஒரு நூலை நாம் திருப்பி அனுப்பியதுண்டா?

இனி ஓர் ஒட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ரிஸ்க்-ஃபைவ் என்பது 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க சில்லு இலக்கணம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' சில்லுகள் இந்த இலக்கணப்படி அமைந்தவை. 2018இல் அவற்றில் லினக்ஸ் ஏறி ஓடியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் கெர்னலின் 4.15ஆம் பதிப்பில் ரிஸ்க்-ஃபைவுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆகவே இது எங்கோ அயல்நாட்டார் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது.

இச்சில்லில் கெர்னல் கண் விழிக்கும்போது கையில் இரண்டே சீட்டுகள் இருக்கும். சில்லுக்குள் பல மையங்கள் உண்டு. நீ எத்தனையாவது மையம் என்பது ஒரு சீட்டு, உன் வீட்டின் விவரப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. பழைய முறையில் எல்லா மையங்களும் ஒன்றாகவே விழித்துக்கொண்டு ஓடிவரும். உள்ளே ஒரு குலுக்கல் நடக்கும். முதலில் கை வைத்தவர் கெர்னலைத் தொடங்குவார், மற்றவர்கள் வாசலில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். தொடக்கம் முடிந்ததும், இனித் தேவையில்லை என்று குறிக்கப்பட்ட நிரல் பகுதியைக் கெர்னல் தானே அழித்து அந்த இடத்தை மீட்டுக்கொள்ளும். முகூர்த்தம் முடிந்து பந்தலைப் பிரிப்பது போல. இதில் ஒரு குற்றமும் இல்லை, மணமக்கள் எல்லோரும் ஒரே முகூர்த்தத்தில் வந்துவிடும் வரை.

2020இல் முறை மாறியது. ஒரு மையம் முதலில் எழுந்து, பிறகு தேவைப்படும்போது மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்பலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் தூங்கவைத்துப் பிறகு எழுப்பலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனப் பொறியாளர் ஒருவர் இதற்கான ஒட்டுத் தொடரை அனுப்பினார். அத்தொடரில் சிறியதாக ஓர் ஒட்டு. தாமதமாக எழும் மையம் நடந்துவர வேண்டிய தொடக்க நிரல் பந்தலோடு சேர்த்துப் பிரிக்கப்பட்டுவிடுமே என்று கண்டு, அந்தச் சில செயற்கூறுகளை அழிக்கப்படும் பகுதியிலிருந்து எடுத்து நிலைத்திருக்கும் பகுதிக்கு மாற்றுகிறது அது. சொற்கள் பெரும்பாலும் மாறவில்லை, இடந்தான் மாறியது. ஆனால் எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. மெய்யான முகவரியிலிருந்து கெர்னலின் கற்பித முகவரிக்குத் தாவும் அந்தக் கணத்தில் ஒரு தற்காலிக வரைபடம் மட்டுமே கையில் இருக்கிறது. அது கெர்னலின் முதல் 2 மெகாபைட்டை மட்டும் காட்டும். அதற்கு அப்பால் வைத்தால் தாவுகிறவர் படுகுழியில் விழுவார். ஒட்டோடு வந்த விளக்கவுரையில் இந்தக் காரணம் ஒரு பத்தியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. (அந்தத் தாவலே விந்தையானது. தவறு நேரும் என்று தெரிந்தே, நேர்ந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முன்னதாக எழுதிவைத்துவிட்டுத் தாவுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.)

இப்படிப்பட்ட ஒட்டைச் சரிபார்க்கிறவர் என்ன கேட்க வேண்டும்? உங்கள் மேசைமேல் உள்ள பொறியில் ஓடுகிறது, சரி, என் மேசைமேல் ஓடுமா என்று கேட்க வேண்டும். புதிய முறையை அறியாத பழைய நிலைபொருள் உள்ள பொறி என்ன ஆகும்? 32 பிட் சில்லில் என்ன ஆகும்? அத்தொடர் பலமுறை திருத்தி அனுப்பப்பட்ட பிறகே 5.7ஆம் பதிப்பில் சேர்ந்தது. புதிய நிலைபொருள் இருந்தால் புதிய வழி, இல்லையென்றால் பழைய குலுக்கலும் காத்திருப்பும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவரின் பழைய பொறிக்காக இந்தக் கவலை.

இதற்கு நேரெதிரே நம் முனைவர்ப் பட்ட வாய்மொழித் தேர்வை வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்று. அதில் ஒரு பாட்டின் இரு வேறு பாடங்கள் இரு வேறு இயல்களில் ஒரே பாடம் போல ஆளப்பட்டிருந்தன. எந்தப் பதிப்பு என்று நான் எழுந்து கேட்டேன். 'நல்ல வினா' என்றார் புறத்தேர்வாளர். அதற்குள் பொன்னாடை வந்துவிட்டது, பின்னாலேயே போண்டாவும் வந்தது. அந்த ஏடு பட்டம் பெற்று இன்று நூலகத்தில் இருக்கிறது. அதைத் தேர்வு செய்தவர்கள் என்ன படித்தார்கள், எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்பது மூடிய உறைக்குள் போய்விட்டது. அங்கேயோ, கெர்னலின் ஒவ்வொரு ஒட்டுக்குக் கீழும் எழுதியவர் ஒப்பம் நிற்கிறது; பலவற்றில் சரிபார்த்தவர் பெயர், ஓட்டிப் பார்த்தவர் பெயர் என்று வரிசையாக நிற்கின்றன. எழுதியவர் ஒப்பம் என்ற வழக்கம் 2004இல் வந்தது. முந்தைய ஆண்டு எஸ்.சி.ஓ. நிறுவனம் தொடுத்த வழக்கில், இந்த வரி யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்ததன் விளைவு அது. சரிபார்த்தேன் என்று பெயரிடுவதும் உபசாரம் அல்ல. படித்தேன், என் ஐயங்களுக்கு விடை கிடைத்தது, சேர்க்கத் தக்கது என்று கருதுகிறேன் என்பது அதன் பொருள் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை என்பதுதான் வேதனை. தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்கு ஐயமறக் காட்டப்பட்ட பிறகே வெளிவந்தது என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. சேனாவரையர் இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுக்கிறார். மறுக்கும்போதும் 'உரையாசிரியர்' என்றே அவரைக் குறிக்கிறார். திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில்தான் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படை அவன்மேல் பாடியது. பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஓரடியிலுள்ள சொல்லை எங்கோ தொலைவிலுள்ள அடியோடு கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார். சொல் மாறாது, இடம் மாறும். அந்த இடமாற்றம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்தச் சொல்லை எங்கே கொண்டுபோனேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அதனால்தான் பல நூற்றாண்டு கழித்து மறைமலையடிகள் முல்லைப்பாட்டை எடுத்துக்கொண்டு, இது வேண்டாத இடமாற்றம் என்று வாதிட முடிந்தது. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்டபோது அந்த உரை எல்லோர் கைக்கும் வந்திருந்தது. மூலமும் மாற்றமும் காரணமும் கண்முன் இருந்தால் மறுப்பு வசையாக வேண்டியதில்லை. இந்த மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிற நாம் பொன்னாடைக் கடைக்கு நல்ல வியாபாரம் தருகிறோம்.

கெர்னல்காரர்கள் மட்டும் புனிதர்களா என்று ஒரு நண்பர் கேட்பார் என்று தெரியும். இல்லை. டோர்வால்ட்ஸின் வசைகள் பேர்போனவை. 2018 செப்டம்பரில் அவரே அதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் வந்தன. நம் விமர்சகர்கள் சிலர் இந்த வசையைத்தான் துணிவு என்று எண்ணுகிறார்கள். வசையைக் கழித்துவிட்டு அந்தக் கடிதங்களைப் படித்தால் எந்த வரியில், எந்தக் காரணத்தால், எந்தப் பொறியில் உடையும் என்பது மிஞ்சும். நம்மவர் எழுதியதிலிருந்து வசையைக் கழித்தால் நிறுத்தற்குறிகள் மிஞ்சலாம். இன்னொன்றும் நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், சரிபார்ப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றே பழுதான ஒட்டுகளை அனுப்பிக் கட்டுரை எழுதினார்கள். 2021 ஏப்ரலில் அது பெரும் பூசலாகி, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒட்டுகளை ஏற்பது நிறுத்தப்பட்டது. அங்கிருந்து முன்னே வந்த ஒட்டுகளையெல்லாம் மீண்டும் எடுத்துப் படித்தார்கள். ஏற்றுக்கொண்டதை மீண்டும் எடுத்துப் படிப்பது! கொடுத்த பட்டத்தின் ஏட்டை ஒருமுறையேனும் திறந்து பார்த்த துறை ஒன்றை நண்பர் காட்டட்டும்.

இன்னும் ஒன்று, நடுநாட்டு எழுத்தைப் பற்றி. எல்லாப் பொறியிலும் ஓட வேண்டும் என்பதை எல்லாப் பொறியும் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்று பலர் தவறாகப் பொருள் கொள்கிறார்கள். கெர்னல் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு சில்லின் கிறுக்குத்தனத்துக்கும் அதற்கென்று ஓர் அடைவு ஒதுக்கி, அதன் மொழியிலேயே முதல் வரிகளை எழுத விடுகிறது. பொதுவானதை மட்டும் பொதுவில் வைக்கிறது. விழுப்புரத்து மண்ணிலிருந்து ஒரு சிறுகதை போனால், 'வட்டார வழக்கு புரியவில்லை, பொதுத்தமிழில் மாற்றித் தருக' என்று திருப்பி அனுப்பும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். உலகத்துச் சில்லுகள் எல்லாம் இன்டெல் சில்லாகிவிட்டு வாருங்கள் என்று சொல்வது போன்றது இது. கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்ததும் இப்பகுதிக்கென்று ஓர் அடைவு திறந்த வேலைதான் என்பேன். பொதுத்தமிழ் அகராதிக்கு அதனால் குறைவு ஒன்றும் வரவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கணினிப் பயன்பாட்டியல் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இயக்க முறைமை என்று ஒரு தாள் அவர்களுக்கு உண்டு. வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். ஓர் ஒட்டையேனும், அதைச் சுற்றி நடந்த வாதத்தையேனும் அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் அல்ல அது. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இந்தத் திசையில் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறது. கல்லூரிகள் அவர்களை ஆண்டு விழாவுக்கு அழைப்பதற்குப் பதிலாக வகுப்புக்கு அழைக்கலாம். ஆங்கிலம் வராதே என்பார்கள். ஒட்டுகளின் விளக்கவுரை ஆங்கிலம் எளிய ஏவல் வாக்கியங்களால் ஆனது. எழுதுகிறவர்களில் பலருக்கு அது தாய்மொழியும் அன்று. நம் பாடநூல் ஆங்கிலத்தைவிட அது எளிது என்பது என் துணிபு. தமிழ் முதுகலையில் ஆய்வு நெறிமுறை என்ற தாள் எடுக்கிறவன் என்ற முறையில் நான் என் பங்குக்கு, மேலே சொன்ன 2020ஆம் ஆண்டு ஒட்டையும் அதன் விளக்கவுரையையும் தமிழாக்கி, சேனாவரையர் பக்கத்தில் வைத்து வரும் பருவத்தில் பாடம் சொல்லப்போகிறேன். பாடத்திட்டக் குழு என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும்.

இப்பக்கத்தில் மதிப்புரை எழுதும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அடுத்து எழுதும் மதிப்புரையின் கீழே நான்கு வரி சேருங்கள். எந்தப் பதிப்பைப் படித்தேன். எத்தனையாம் பக்கம் வரை படித்தேன். எந்தப் பக்கத்து எந்த வரியில் எனக்கு ஐயம். ஆசிரியரிடம் கேட்டேனா, என்ன சொன்னார். அதன் கீழே உங்கள் பெயர், புனைபெயர் அன்று, சொந்தப் பெயர். வேறொருவர் படித்துச் சரிபார்த்திருந்தால் அவர் பெயரும். நான்காவது வரி கடினம் என்றால் இரண்டாவது வரியோடு தொடங்கலாம். அதுவே சிலருக்குக் கடினமாக இருக்கும் என்று கேள்விப்படுகிறேன்.